இழுப்பறையில் ஒரு டப்பா

மாநிலப் பெண்கள் சிறை, ஒஹாயோ
ஆகஸ்ட் 21, 2022

அன்புள்ள ரெட்டா அக்காவுக்கு,

ஷானா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் டெலனியும் எப்படி இருக்கிறீர்கள்? ஆபரேஷன் செய்த முழங்கால் இப்போது மடங்குகிறதா? போன கடிதத்தில் அதைப்பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

என்னைச் சமையலறையிலிருந்து சலவைப் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். போன வாரம் அங்கே ஒரு பெண் புதிதாக வந்தாள். நம் ஊர்ப் பக்கம்தான், ஆற்றுக்கு இந்தக் கரை. அவள் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. நம் மாவட்டத்தில் இப்போது நீல மாத்திரை ஓடுகிறதாம். பார்த்தால் மருந்துக்கடையில் வாங்கினது போலவே இருக்குமாம். ஆனால் யாரோ வீட்டில் வைத்து அச்சடிப்பது, உள்ளே இருப்பது ஃபென்டனில். பாதி மாத்திரையிலேயே மூச்சு நின்றுவிடுகிறது. அதைப் பள்ளிப் பிள்ளைகள் கழிவறையில் கைமாற்றிக்கொள்கிறார்கள் என்றாள்.

எதற்கு இதை எழுதுகிறேன் என்றால், நின்ற மூச்சைத் திரும்பக் கொண்டுவர மூக்கில் அடிக்கும் மருந்து ஒன்று இருக்கிறதே, நலாக்சோன், அதைப் பள்ளியிலேயே வாங்கி வைக்கச் சொல். சுகாதார அலுவலகத்தில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்களாம். பள்ளி ஆபீசில் முன்மேஜையில் உட்கார்ந்திருப்பவள் நீ. பிரின்சிபல் காதில் முதலில் விழுவது உன் பேச்சுதான்.

ஜூன் மாதத்துக்குப் பிறகு டெலனி எனக்கு எழுதவில்லை. பதினாறு வயசுக் கோபம் என்று விட்டுவிட்டேன். கட்டாயப்படுத்தாதே. அம்மா கேட்டேன் என்று மட்டும் சொல்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
ஷானா

*

வில்லோ பெண்ட்
செப்டம்பர் 9, 2022

அன்புத் தங்கை ஷானாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ நலமாக இருக்க ஒவ்வொரு ஞாயிறும் சபையில் ஜெபிக்கிறேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை, நன்றாக நடக்கிறேன்.

நீ சொன்னதைப் பிரின்சிபல் ரூடிசிலிடம் சொன்னேன். உன் பெயரை எடுக்கவில்லை. அவரும் பள்ளி வாரியக் கூட்டத்தில் பேசிப் பார்த்தார். நான்தான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பழைய கார் விற்கிறாரே, அந்த வாரியத் தலைவர் சொன்னார்: "அத வாங்கி வச்சா, நம்ம ஸ்கூல்ல அது நடக்குதுன்னு நாமளே போர்டு மாட்டின மாதிரி ஆகும்." எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அது ஏன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரை விற்று ஜெயிலுக்குப் போனவளின் அக்கா எழுந்து இன்னொரு தடவை கேட்டால் என்ன நினைப்பார்கள்? உண்மையைச் சொன்னால் எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. இது பள்ளிக்கூடம், ஷானா. தெருமுனை இல்லை.

டெலனி பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறாள். வெள்ளிக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்தில் அணிவகுத்தார்கள். உன் மூக்கு, உன் நடை. ஆனால் முன்னைப்போலப் பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுகிறாள். வீட்டில் இருக்கும்போதெல்லாம் கதவு சாத்தியே இருக்கிறது. வளரும் வயசு.

உடம்பைக் கவனித்துக்கொள். கம்பளிச் சாக்ஸ் அனுப்ப அனுமதி உண்டா என்று கேட்டு எழுது.

அன்புடன்
ரெட்டா

*

செப்டம்பர் 25, 2022

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடிதம் என்றா சொல்வது, கடிதத்தின் நகல். காகிதத்தில் மருந்தை ஊறவைத்து அனுப்புகிறார்கள் என்று அசலை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு எங்களுக்கு நகல்தான் தருகிறார்கள். நான் நலம். உங்கள் இருவருக்கும் இந்தப் பருவச் சளி வராமலிருக்க வேண்டும்.

அக்கா, கதவு சாத்தியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். நானும் அப்படித்தான் சாத்திக்கொண்டேன், அம்மாவும் வளரும் வயசு என்றுதான் நினைத்தாள். டெலனியின் கண்ணைப் பார். மங்கலான வெளிச்சத்தில்கூடக் கருமணி குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கியிருக்கிறதா? மூக்கைச் சொறிந்துகொண்டே இருக்கிறாளா? பேச்சின் நடுவில் கண் செருகுகிறதா? திட்டாதே, பெட்டியைக் கொட்டிக் கவிழ்க்காதே. பக்கத்தில் உட்கார்ந்து கேள்.

உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்று. பெட்ரோல் பங்க்கில் என் காரில் நான் விழுந்து கிடந்தபோது, முன்பின் தெரியாத ஒரு லாரி டிரைவர் கண்ணாடியை உடைத்து என் மூக்கில் அந்த மருந்தை அடித்தான். எழுந்ததும் அவனுக்கு நன்றி சொன்னேன் என்றா நினைக்கிறாய்? கெட்ட வார்த்தையால் திட்டினேன். அவன் ஆம்புலன்ஸ் வரும்வரை என் மேல் தன் சட்டையைப் போர்த்திவிட்டு நின்றான். அன்று அவனிடம் அது இல்லாமலிருந்தால் டெலனிக்கு அம்மா ஜெயிலில்கூட இருந்திருக்க மாட்டாள்.

மறுபடியும் கூட்டத்தில் கேள். எனக்காக இல்லை.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.
ஷானா

*

வில்லோ பெண்ட்
அக்டோபர் 30, 2022

அன்புள்ள ஷானாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதே. நாங்கள் சுகம். நீ சுகமா?

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இருபத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பார்வையாளர் படிக்கட்டுக்குக் கீழே ஒரு பெண் மயங்கிக் கிடந்தாள். கேரிஸா. பேண்டில் டெலனிக்குப் பக்கத்தில் நின்று கிளாரினெட் வாசிப்பவள். நெடுநேரம் நின்ற களைப்பு என்று தண்ணீர் தெளித்தார்கள். ஆம்புலன்ஸ் மாவட்டத் தலைநகரிலிருந்து வர வேண்டும். வந்தது. வந்தவர்கள் பையிலிருந்து அந்த மருந்தைத்தான் எடுத்தார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மேலே படிக்கட்டில் அப்போதும் ஜனங்கள் கால்களைத் தட்டிப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். விஷயம் யாருக்கும் தெரியாது.

திங்களன்று அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்து என் மேஜை முன்னால் நின்றாள். லாக்கரில் இருக்கும் சாமான்களை எடுத்துப்போக வேண்டும் என்றாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

டெலனி அழவில்லை. அன்றிலிருந்து என்னையே பார்க்கிறாள். எதையோ கேட்கப் போகிறவள் போல அடுப்படி வாசலில் வந்து நிற்கிறாள், அப்புறம் போய்விடுகிறாள். நீ சொன்னபடி அவள் கண்களைப் பார்க்கலாமென்று போனேன். அவளோ என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.
ரெட்டா

*

நவம்பர் 8, 2022

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சலவைப் பகுதியில் நின்றபடியே படித்தேன். அந்த ஊர்ப்பெண் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "யார் வீட்டுப் பொண்ணு?" என்று மட்டும் கேட்டாள். பெயரைச் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்த வீடாம்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? டெலனி சாப்பிடுகிறாளா?

நேராகவே கேட்கிறேன். டெலனி எடுக்கிறாளா? ஆமாம் என்றாலும் எழுது. நான் கத்த மாட்டேன், கத்தினாலும் இங்கிருந்து உனக்குக் கேட்காது. தெரியாமல் படுத்துக் கிடப்பதுதான் என்னால் முடியவில்லை. ஒவ்வொரு முறை கடிதம் வரும்போதும், படிப்பதற்கு முன்னால் நகல் தாள்களின் கனத்தைப் பார்க்கிறேன். கனமாக இருந்தால் பயம், லேசாக இருந்தால் இன்னும் பயம்.

இப்போது கேட்டால் வாரியத்தில் யாரும் ஜன்னலைப் பார்க்க மாட்டார்கள். எழுந்து நின்று கேள், அக்கா.

ஷானா

*

வில்லோ பெண்ட்
டிசம்பர் 4, 2022

அன்புள்ள ஷானாவுக்கு,

நான் நலம். நீ நலமா? டெலனி நலம். நன்றி தெரிவித்தல் நாளன்று சபையில் வான்கோழி விருந்து நடந்தது, போனோம்.

உன் ஆசைப்படி ஆகிவிட்டது. நான் எழுந்து கேட்கவே வேண்டியிருக்கவில்லை, கேரிஸாவின் அப்பா வந்து கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கார் விற்பவர்தான் முதலில் கையைத் தூக்கினார். இப்போதைக்கு ஒரு டப்பா வந்திருக்கிறது. அதற்குள் இரண்டு முறை அடிக்க மருந்து உண்டு. என் மேஜையின் மேல் இழுப்பறையில் வைத்திருக்கிறோம். நர்ஸ் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறாள் என்பதால் எனக்கும் ரூடிசிலுக்கும் உடற்பயிற்சி ஆசிரியருக்கும் பழக்கிக் கொடுத்தார்கள். ஒரு ரப்பர் பொம்மையைப் படுக்கவைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கில் வைத்து அழுத்த வேண்டும். என் முறை வந்தபோது கை நடுங்கியது. காபி அதிகமாகிவிட்டது என்று சொல்லிச் சிரித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

டெலனி வந்து தனக்கும் கற்றுக்கொடுக்கச் சொன்னாள். மாணவர்கள் அதைத் தொடக்கூடாது என்று ரூடிசில் சொல்லிவிட்டார். போகாமல் வாசலிலேயே நின்று முதலிலிருந்து கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். வான்கோழி விருந்துக்குப் போனோம், சொன்னேனா? நல்ல கூட்டம். இந்த இடத்தில் பேனா இழுத்துவிட்டது, வேறு தாள் எடுக்கச் சோம்பல்.

நீ கேட்டதற்குப் பதில், டெலனியைப்பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ரெட்டா

*

டிசம்பர் 14, 2022

ரெட்டா அக்கா,

நலம் விசாரிக்காமல் தொடங்குகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தை மூன்று நாளாகப் படிக்கிறேன். மாத்திரை எடுப்பவள் அந்த மருந்தை எப்படி அடிப்பது என்று கற்றுக்கொள்ள வர மாட்டாள். நான் எடுத்த காலத்தில் அந்தப் பேச்சு எழுந்தாலே எழுந்து போய்விடுவேன். நீ எழுந்து வெளியே போனது போல. வேறொருவருக்காகப் பயப்படுகிறவள்தான் வாசலில் நின்று பார்ப்பாள். டெலனி யாருக்காகப் பயப்படுகிறாள்?

ஆகஸ்டிலிருந்து உன் முழங்காலைப்பற்றிக் கேட்கிறேன். வலிக்குக் கொடுத்த மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டாரா? நிறுத்தின பிறகு யாரிடம் வாங்கினாய்? எனக்குத் தெரிந்த யாரிடமாவதா?

உன்னைக் குறைசொல்ல நான் யார்? எதை எழுதினாலும் ஏற்றுக்கொள்வேன். நலம் என்று மட்டும் எழுதாதே. தனியாக இருக்கும்போது எடுக்காதே. கதவைத் தாழ்ப்பாள் போடாதே.

ஷானா

*

ஜனவரி 3, 2023

அக்கா,

மூன்று வாரமாகப் பதிலில்லை. இரண்டு தடவை போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. இங்கே என் வழக்கைப் பார்க்கும் சிறை அதிகாரியம்மாவிடம் கேட்டேன். "கெட்ட செய்தின்னா எங்களுக்கு உடனே வந்துரும். வரலல்ல?" என்றாள். அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாராவது ஒருவர், ஒரு வரி.

ஷானா

*

வில்லோ பெண்ட்
ஜனவரி 12, 2023

அம்மாவுக்கு,

டெலனி எழுதுகிறேன். பெரியம்மா உயிரோடு இருக்கிறார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். உனக்கு உடம்பு எப்படி?

கிறிஸ்துமஸ் லீவுக்கு முந்தின கடைசி நாள் அது. ஒவ்வொரு பீரியட் முடிந்ததும் நான் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பெரியம்மாவின் நாற்காலியைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வகுப்புக்குப் போவேன். கேரிஸா போனதிலிருந்து அப்படித்தான். அன்று நாற்காலி காலியாக இருந்தது. காபி அப்படியே கப்பில் இருந்தது. பின்னால் ஆசிரியர்கள் கழிவறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. தட்டினேன், கூப்பிட்டேன். பதிலில்லை. தோளால் இடித்தேன், பழைய தாழ்ப்பாள், பிய்ந்துகொண்டு வந்துவிட்டது.

பெரியம்மா சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் கிடந்தார்கள். உதடு நீலமாக இருந்தது. ஓடிப்போய் இழுப்பறையைத் திறந்து டப்பாவை எடுத்தேன். ரூடிசில் சார் வந்துவிட்டார். "அத நீ தொடக்கூடாது. இங்க குடு," என்றார். கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் எழுதியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தார். "சார், மூச்சு இல்ல," என்றேன். அப்போதும் படித்துக்கொண்டே இருந்தார். நான் பிடுங்கிக்கொண்டேன்.

தலையைச் சாய்த்து மூக்கில் வைத்து அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. வாயில் வாய் வைத்து ஊதினேன். ஜிம்மில் பேண்டுக்காரர்கள் கிறிஸ்துமஸ் பாட்டை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் வாசிக்க வேண்டிய இடம் வந்து வெறுமனே கடந்துபோனது. அப்புறம் இரண்டாவதையும் அடித்தேன். தண்ணீருக்குள் இருந்து மேலே வருகிறவர்கள் இழுப்பது போல ஒரு மூச்சு வந்தது. கண்ணைத் திறந்ததும் பெரியம்மா முதலில் கேட்டது, "யாராவது பாத்தாங்களா?"

ரூடிசில் சார் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே அவர்தான் என்னைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

உன் டிசம்பர் கடிதம் அதற்கு மறுநாள் வீட்டுக்கு வந்தது. நான்தான் பிரித்தேன்.

எனக்கு ஜூனிலேயே தெரியும் அம்மா. முழங்காலுக்கு டாக்டர் கொடுத்தது தீர்ந்த பிறகும் பெரியம்மா எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரவுச் சாப்பாட்டில் தட்டின் முன்னாலேயே தூங்கிவிடுவார்கள். அதைப் பார்க்க முடியாமல்தான் என் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். யாரிடம் சொல்ல? சொன்னால் குழந்தைகள் நலத்துறையிலிருந்து வந்து என்னை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பெரியம்மா வேலையும் போய்விடும். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. உனக்கு எழுத உட்கார்ந்தால் சொல்லிவிடுவேன். அதனால்தான் எழுதவில்லை.

பெரியம்மாவைக் கொலம்பஸ் பக்கத்தில் ஒரு சிகிச்சை இல்லத்தில் சேர்த்திருக்கிறார்கள். நான் சபையில் பியானோ வாசிக்கும் மிஸஸ் ஓக்லி வீட்டில் இருக்கிறேன். நல்லவர், ஆனால் எனக்குப் பசிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். பள்ளி திறந்துவிட்டது. இழுப்பறை காலியாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கென்று வாங்கினதை ஆபீஸ்காரருக்குச் செலவழித்துவிட்டீர்களே, அடுத்ததை யார் கேட்பது என்று வாரியத்தில் பேச்சாம். பிப்ரவரிக் கூட்டத்தில்தான் முடிவு செய்வார்களாம். பத்தாம் வகுப்பில் ஒரு பையன் நேற்று மேஜையில் தலைவைத்துத் தூங்கினான். டீச்சர் எழுப்பும்வரை என்னால் மூச்சு விட முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள் அம்மா.
டெலனி

*

ஜனவரி 24, 2023

என் டெலனிக்கு,

அம்மா சுகம். நீ மிஸஸ் ஓக்லி போடுவதைச் சாப்பிடு, பசிக்காவிட்டாலும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்ன எழுதுவதென்று இத்தனை நாள் தெரியவில்லை. நீ அழுத்தின அந்த மருந்தை நானும் ஒருமுறை மூக்கில் வாங்கிக்கொண்டவள். வாங்கிக்கொண்டவர்களுக்கு நன்றி சொல்லத் தெரியாது. உன் பெரியம்மாவுக்கும் கொஞ்ச காலம் தெரியாது. பொறுத்துக்கொள்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படி. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வருகிற நாட்கள்தான் ரொம்ப மோசம். மாத்திரையை விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது. ஆசை மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். என்னோடு இங்கே இருந்து விடுதலையாகிப் போனவர்களில் பலர் அந்த முதல் மாதத்தில்தான் செத்துப்போனார்கள். சுகாதார அலுவலகத்துக்கு நீயே நேரில் போ. வீட்டுக்கு ஒன்று, உன் பைக்கு ஒன்று கேட்டு வாங்கு. யார் என்ன சொன்னாலும் சரி. பள்ளியில் தொடக்கூடாது என்றால் ரூடிசிலை எனக்குக் கடிதம் எழுதச் சொல்.

ஆனால் ஒன்று. பெரியம்மா சாகாமல் பார்த்துக்கொள்வது உன் வேலை என்று நினைக்காதே. நீ பார்த்துக்கொண்டிருந்தும் நடக்கலாம். நடந்தால் அது உன்னால் இல்லை. இதை உனக்கு எழுத வேண்டியிருப்பதே எனக்கு வேதனையாக இருக்கிறது.

உன் அம்மா

*

வில்லோ பெண்ட்
மார்ச் 19, 2023

அன்புள்ள ஷானாவுக்கு,

நலம் என்று எழுதித்தான் தொடங்கினேன். டெலனி எட்டிப்பார்த்து, "அத அடிங்க பெரியம்மா," என்றாள். அடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து எட்டு நாள் ஆகிறது. நீ எப்படி இருக்கிறாய்?

வேலை போய்விட்டது. ரூடிசில் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொன்னார். என் மேஜையில் இப்போது வேறொருத்தி இருக்கிறாள். இழுப்பறைக்குப் புது டப்பா வந்துவிட்டதாம், கார் விற்பவர்தான் தீர்மானம் கொண்டுவந்தாராம். என் பெயரைச் சொல்லித்தான் கேட்டாராம். கடையில் யாராவது என்னைப் பார்த்தால் கூடையை ஆராய்வது போலக் குனிந்துகொள்கிறார்கள். முன்பெல்லாம் உன்னால்தான் எனக்கு இந்தப் பார்வை என்று நினைத்துக்கொள்வேன்.

டெலனியை என்னோடு இருக்க விட்டிருக்கிறார்கள். வாரம் ஒருமுறை நலத்துறையிலிருந்து ஒரு பெண் வந்து அலமாரிகளைத் திறந்து பார்க்கிறாள். குளியலறைத் தாழ்ப்பாளை டெலனியே கழற்றிவிட்டாள்.

நீ கேட்டிருந்தாய், யாரிடம் வாங்கினேன் என்று. உனக்குத் தெரிந்தவர்தான், உன் பழைய கூட்டத்தில் ஒருவர். பெயர் வேண்டாம். இன்று காலை அவர் கார் நம் தெருவில் மெதுவாகப் போனது. வீட்டு முன்னால் நிற்கவில்லை. திரும்பி வரும்போதும் மெதுவாகத்தான் வந்தது. அப்போதிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. பாத்திரம் கழுவினேன், மறுபடியும் அதே பாத்திரத்தைக் கழுவினேன். மதியம் ஆனதும் டெலனியிடம் போய், "எனக்கு இப்ப அது வேணும்போல இருக்கு," என்று சொல்லிவிட்டேன். இதை நான் வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை.

அவள் பாடப்புத்தகத்தை மூடினாள். "எவ்வளவு நேரம் இருக்கும்?"

"தெரியல."

"சரி. நான் உக்காந்திருக்கேன். நீங்க அம்மாவுக்கு எழுதுங்க."

அதனால்தான் எழுதுகிறேன். எதிர்நாற்காலியில்தான் இருக்கிறாள், அந்த மூக்கு மருந்து இருக்கும் பையை மடியில் வைத்துக்கொண்டு. தெருவில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்குகிறோம். எனக்குச் சொல்ல இனி ஒன்றுமில்லை, ஷானா. ஆனாலும் இந்தப் பக்கம் முடியும்வரை எழுதப் போகிறேன், அப்புறம் அடுத்த பக்கம்.

உன் அக்கா
ரெட்டா